பறவைகளுக்காக வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். எங்கிருந்து தொடங்குவது?

தூறல்

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பத்து நாளுக்கு முன் நடைபாதை ஓரத்தில் ஒரு குஞ்சைப் பார்த்தேன். உடம்பெல்லாம் இறகு வந்திருந்தது, வால் மட்டும் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. தத்தித் தத்திப் போனது. தாய்ப்பறவை எதுவும் கண்ணில் படவில்லை. பூனை பிடித்துவிடும் என்று பயந்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். சொட்டு மருந்துக் குழாயில் தண்ணீர் கொடுத்தேன், கொஞ்சம் பாலும் கொடுத்தேன். உதவி எண் என்று போட்டிருந்த ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. விடிவதற்குள் குஞ்சு இறந்துவிட்டது. கையில் எடுத்தபோது எடையே இல்லை.

அன்றிலிருந்து ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் நிச்சயமாக ஒதுக்குவேன். பயிற்சி கிடையாது. பைனாகுலர் கிடையாது. காக்கை, மைனா, புறா, கிளி தாண்டி எனக்குப் பெயர் தெரியாது. என்னைப் போன்ற ஆளால் என்ன செய்ய முடியும்?

வேம்படி

தூறல், அக்கறையால்தான் எடுத்தீர்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் அடுத்த முறைக்காக ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்தது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு இல்லை, கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்திக்கொண்டு இருந்தால் அது பறக்கப் பழகும் பருவம். சில நாள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும். பெற்றவை இரண்டும் பக்கத்து மரத்திலேயே இருக்கும், நாம் நிற்பதால் இறங்காது. முப்பது நாற்பது அடி தள்ளி மறைவாக ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், வாயில் புழுவோடு வந்து இறங்கும். நடுப்பாதையில் இருந்தால் தூக்கிப் பக்கத்துப் புதருக்குள் விடுங்கள். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

இறகே இல்லாமல், கண் திறக்காமல் கிடந்தால் அது வேறு. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. கூடே சரிந்து விழுந்திருந்தால், நீர் தேங்காத மாதிரி ஒரு சின்னக் கூடையில் அந்தக் கூட்டை வைத்து அதே மரத்தில் கட்டுங்கள்.

தண்ணீர் விஷயம் முக்கியம். பறவையின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்கின் பின்முனையை ஒட்டியே திறக்கிறது. நாம் ஊற்றும் நீர் எளிதாக நுரையீரலுக்குள் போய்விடும். பால் அதற்குச் செரிக்காது. அடிபட்ட பறவை என்றால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு துணி, உள்ளே இருட்டு, வெளியே அமைதி. மருத்துவரிடம் போகும்வரை இவ்வளவுதான் நம் வேலை. பூனை கவ்வியிருந்தால் காயம் தெரியாவிட்டாலும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும், பூனையின் எச்சிலில் உள்ள கிருமியே கொன்றுவிடும். மாஞ்சா நூலோ தூண்டில் நரம்போ இறக்கையில் இறுகியிருந்தால் பிரித்து இழுக்காதீர்கள். பறவைக்கு வெளியே இருக்கும் நூலை மட்டும் வெட்டிவிட்டு, சுற்றியதோடு அப்படியே கொண்டுபோங்கள்.

அப்புறம் அந்தத் தொலைபேசி எண். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. இப்போதெல்லாம் தேவை வருவதற்கு முன்பே ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, யார் எடுக்கிறார்கள், எத்தனை மணிவரை எடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். உங்கள் முதல் இரண்டு மணி நேரத்தை இதற்குச் செலவழியுங்கள். அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் பயன்படும்.

கரைநடை

வேம்படி அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் மீட்பு வேலை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வாரா வாரம் இரண்டு மணி நேரம் தருபவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளமோ, பூங்காவோ, மயானத்து மரங்களோ, தெருவோ, எதுவானாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். வாரா வாரம் ஒரே நேரத்துக்கு, ஒரே பாதையில் நடங்கள். பார்த்ததை எண்ணி எழுதுங்கள்.

அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாரும் பறவை நிறைந்த இடத்துக்கே போவதால், ஒன்றுமில்லாத இடங்களைப் பற்றி யாரிடமும் கணக்கு இல்லை. அப்படி ஓர் இடம் சீரழிந்தால், அதற்கு முன் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட இருக்காது.

நான் ஒரு சின்ன ஏரிக்கரையில் பதினோரு வருடமாக நடக்கிறேன். முதல் வருட நோட்டில் 'உள்ளான் நிறைய' என்று எழுதியிருக்கிறேன் (உள்ளான் என்பது நீர்க்கரையில் இரை தேடும் சின்னப் பறவை). இப்போது அதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. நிறைய என்றால் நாற்பதா, நானூறா? அந்த வருடம் போனது போனதுதான், திரும்ப எண்ண முடியாது. அதனால்தான் சொல்கிறேன், முதல் நாளிலிருந்தே எண் எழுதுங்கள்.

தூறல்

இருவருக்கும் நன்றி. அக்கா, அந்தக் குஞ்சின் தாய் அங்கேயேதான் இருந்திருக்கும் என்று படித்தபோது நெஞ்சு கனத்தது. ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லதுதான். எண்களை அழைக்கத் தொடங்கிவிட்டேன். ஏழில் மூன்று வேலை செய்கிறது.

கரைநடை அண்ணா, தவறாக நினைக்க வேண்டாம். நான் எண்ணுவதால் ஒரு பறவையாவது பிழைக்குமா? நோட்டில் எழுதினால் எதற்கு உதவும் என்று புரியவில்லை.

கரைநடை

தவறாக நினைக்க ஒன்றுமில்லை, நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான்.

பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்தப் பாறுக் கழுகை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்காசியாவில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தது. 1990களில் சரசரவென்று விழுந்தது. வெண்முதுகுப் பாறு நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. 'குறைந்த மாதிரி தெரிகிறது' என்ற பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் சாலைகள் வழியே போய் எண்ணிவைத்த ஒரு கணக்கு இருந்தது. 2000இல் அதே பாதைகளில் திரும்பப் போய் எண்ணினார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தபோது மறுக்க ஆள் இல்லை. காரணம் தேடினார்கள். மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல் வெளியானது. 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. பழைய எண் இல்லாமல் இந்த வேகம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

தன்னார்வலர்கள் எண்ணுவது எப்படித் தொடங்கியது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கூட்டமாகப் போய்ப் போட்டி போட்டுச் சுடும் பழக்கம் இருந்தது. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதில் எண்ணலாம் என்றார். அந்த முதல் நாளில் 27 பேர், 25 இடங்கள். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னதே, அதன் அடியில் இருப்பது இந்த மாதிரி ஆட்கள் அதிகாலையில் எழுந்து எழுதிய தாள்கள்தான். அதே ஆய்வில் வாத்துகள் பெருகியிருப்பதும் தெரிந்தது. சதுப்பு நிலங்களைக் காப்பாற்றக் கொட்டிய உழைப்பு வீண் போகவில்லை என்பதற்கும் அதே தாள்கள்தான் சாட்சி.

செங்கால்

எண்ணாமலே எங்களுக்குத் தெரியும் கரைநடை. சின்ன வயதில் வீட்டுக்குள் வந்து கூடு கட்டிய சிட்டுக்குருவி இன்று கண்ணில் படுவதே அரிது. செல்போன் கோபுரம் வந்தது, குருவி போனது. இதற்கு எதற்குக் கணக்கு? கூட்டுப்பெட்டி செய்து மாட்டுகிறோம், அதுதான் உருப்படியான வேலை.

கரைநடை

செங்கால், இந்த இடத்தில்தான் கணக்கு தேவைப்படுகிறது. இந்தியாவில் ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் ஏற்றிய பதிவுகளைத் திரட்டி 2020இல் ஓர் அறிக்கை வந்தது. சிட்டுக்குருவி நாடு முழுவதுமாகப் பார்த்தால் 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. கோபுரத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. நகரத்தில் பொந்து இல்லாத கட்டடம், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாத தெரு, இவைதான் யோசிக்க வேண்டியவை. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும்.

நீங்கள் கண்ணால் கண்டது பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தெருவில் குறைந்தது உண்மை. ஆனால் நம் கவலை முழுவதும் குருவி மேலேயே இருக்கும்போது, புல்வெளிப் பறவைகளும் கரையோரப் பறவைகளும் யாரும் பேசாமலே தேய்ந்துகொண்டிருக்கின்றன.

செங்கால்

பூச்சி விஷயம் எனக்குத் தெரியாது. பெட்டிக்குக் கீழேயே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அடுக்ககக் கூட்டத்தில் இதைப் பேசுகிறேன். பெட்டியைக் கழற்றப் போவதில்லை, அதில் ஒரு ஜோடி குடியிருக்கிறது.

அல்லிக்குளம்

நான் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் நாங்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு குளத்தைச் சுத்தம் செய்தோம். பிளாஸ்டிக் எடுத்தோம், ஆகாயத்தாமரையை வாரினோம். முன்னும் பின்னும் படம் எடுத்துப் போட்டோம், பாராட்டு குவிந்தது. ஏற்பாடு செய்த குழு நல்ல மனிதர்கள்தான், ஆனால் எந்த மாதத்தில் எதைச் செய்யலாம் என்று தெரிந்த ஒருவர்கூட எங்களில் இல்லை.

கரையிலிருந்து பத்தடி உள்ளே அழுகிய தழைக் குவியல் ஒன்று மிதந்தது. குப்பை என்று நினைத்து வாரியால் இழுத்தேன். புரண்டபோது உள்ளேயிருந்து முட்டைகள் உருண்டன. ஐந்து. பழுப்பேறிய சின்ன முட்டைகள். இரண்டு நீரில் போய்விட்டன. மிச்சத்தை எடுத்துத் தழை மேலேயே வைத்தேன், கை நடுங்கியது. சூடாக இருந்தன.

முக்குளிப்பானின் கூடு அது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பறவை தண்ணீர்மேல் மிதக்கும் மாதிரி தழைகளைக் குவித்துக் கூடு கட்டும். அடைகாப்பதை விட்டு எழுந்து போகும்போது ஈரத்தழையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும், பருந்தும் காக்கையும் பார்க்காதிருக்க. வெள்ளையாக இட்ட முட்டை அந்த ஈரத்தழை பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். அன்று முப்பது பேர் இரைச்சலோடு இறங்கியபோது அது மூடிவிட்டுத்தான் போயிருக்கிறது. அது செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்தது. நான்தான் அதைக் குப்பை என்று நினைத்தேன்.

அதனால் தூறல், தயவுசெய்து வேலையில் இறங்கும் முன் ஒரு முழு வருடமாவது அந்த இடத்தைப் பாருங்கள். ஆகாயத்தாமரை பெருகினால் குளம் மூச்சடைத்துப்போகும், எடுக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இனப்பெருக்க காலத்தில் எடுக்கக் கூடாது, ஒரே நாளில் முழுவதும் எடுக்கக் கூடாது. இலைக்கோழி மிதக்கும் இலைமேலேயே முட்டையிடும். தாழைக்கோழிக்கு ஓரத்து நாணல் வேண்டும். மொட்டையாக்கிய கரை நம் கண்ணுக்குத்தான் சுத்தம்.

வேம்படி

அல்லிக்குளம், இதை எழுதியதற்கு நன்றி. நான் தெரியாமல் கலைத்த கூடுகளும் உண்டு. வேலி ஓரத்தில் களை என்று வெட்டிய செடியில் தையல்சிட்டின் கூடு இருந்தது. இலை இரண்டையும் சேர்த்து நூல் கோத்துத் தைத்திருந்தது, வெட்டி விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

மணற்கேணி

ஒரு மாற்றுக்கருத்து. பயமுறுத்திப் பயமுறுத்தி யாரையும் எதையும் தொடவிடாமல் செய்துவிடப் போகிறோம். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரைக் கைவைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள். நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கறுப்பு ராபின் என்ற சின்னப் பறவை 1980இல் மொத்தம் ஐந்துதான் இருந்தது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பெண் பறவை ஒன்றே ஒன்று. 'ஓல்டு புளூ' என்று பெயர், காலில் நீல வளையம். பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனும் குழுவினரும் அதன் முட்டைகளை எடுத்து வேறு இனப் பறவையின் கூட்டில் வைத்து அடைகாக்க வைத்தார்கள், ஓல்டு புளூ மறுபடி முட்டையிட்டது. இன்று இருநூறுக்கு மேல் இருக்கின்றன, அத்தனையும் அந்த ஒரு தாயின் வம்சம். கைவைக்காதே என்று உட்கார்ந்திருந்தால் அந்த இனமே இல்லை.

சாய்நிழல்

மணற்கேணி, அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு, அதையும் சொல்லுங்கள். சில பெண் பறவைகள் கூட்டின் விளிம்பில் முட்டையிட்டன. விளிம்பில் இருக்கும் முட்டை பொரியாது. ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம், அதனால் ஆட்கள் அதைக் கூட்டுக்குள் தள்ளிவைத்தார்கள். அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து விளிம்பிலேயே முட்டையிட்டன. 1989 வாக்கில் பாதிக்கு மேற்பட்ட பெண் பறவைகளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தள்ளிவைப்பதை நிறுத்திய பிறகு மெல்லக் குறைந்தது.

மெர்ட்டன் செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் இனம் இல்லை. ஆனால் அவ்வளவு தெரிந்த குழுவுக்கே எதிர்பாராதது நடந்தது. வார இறுதியில் வாரியோடு வரும் நமக்கு அடக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மணற்கேணி

இந்தப் பின்பகுதி எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தூறலுக்குச் செய்வதற்கு ஒரு வேலை சொல்லியாக வேண்டும், செய்யக்கூடாதவை மட்டும் போதாது.

பனித்துளி

வேலைதானே, ஒன்று சொல்கிறேன். நான் காலையில் அலுவலகம் போகும் முன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றி நடக்கிறேன். மோதி இறந்த பறவைகளைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. கேட்க மனச்சோர்வாக இருக்கும், ஆனால் இதைப்போல நேரடியாகப் பலன் தரும் வேலை குறைவு.

பறவைக்குக் கண்ணாடி தெரியாது. அதில் தெரியும் வானமும் மரமும்தான் தெரியும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு நூறு கோடிவரை இப்படி இறக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சிகாகோவில் ஏரிக்கரையில் ஒரு பெரிய மாநாட்டுக் கட்டடம். அங்கே விழுந்த பறவைகளை ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லார்டு 1978இலிருந்து எடுத்து அளந்து குறித்துவந்தார். அந்த நகரத்திலிருந்து சேர்ந்த எழுபதாயிரத்துச் சொச்சம் பறவைகளின் அளவுகளைப் பார்த்தபோது, நாற்பது ஆண்டில் உடல் சிறுத்து இறக்கை நீண்டிருப்பது தெரியவந்தது. உலகம் சூடாவதோடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். 2023 அக்டோபரில் ஒரே இரவில் அந்தக் கட்டடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் இறந்தன. அடுத்த ஆண்டு கண்ணாடி முழுக்கப் புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள், சாவு பெருமளவு நின்றது. இத்தனை வருடக் கணக்கு கையில் இருந்ததால் யாரும் 'எப்போதாவது ஒன்றிரண்டு' என்று தள்ள முடியவில்லை.

நம் வீட்டிலும் செய்யலாம். கண்ணாடியின் வெளிப்பக்கம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி. ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினால் பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். இடைவெளிதான் கணக்கு. அப்புறம் வலசை போகும் காலத்தில் இரவில் தேவையில்லாத விளக்கை அணைத்துவிடுங்கள்.

நெய்தல்

நான் எண்ணவும் மாட்டேன், குளத்தில் இறங்கவும் மாட்டேன், மூட்டு வலி. நான் செய்வது பேசுவது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு, மரம் வெட்ட வருபவரோடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு.

அசாமில் ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை. மொட்டைத்தலை, தொங்கும் பை, பிணம் தின்னும், நாற்றமடிக்கும் எச்சம். ஊர்க்காரர்களுக்கு அருவருப்பு, அபசகுனம். கூடு இருந்த மரத்தை ஒருவர் வெட்டியபோது குஞ்சுகள் விழுந்து கிடந்ததைப் பார்த்த பூர்ணிமா தேவி பர்மன் தன் ஆராய்ச்சிப் படிப்பை ஓரம் வைத்துவிட்டு ஊர்ப் பெண்களிடம் போனார். அவர்கள் அந்தப் பறவையின் உருவத்தைத் தறியில் நெய்தார்கள். அது கூடு கட்டும் காலத்தில், நம் வளைகாப்பு மாதிரி அவர்கள் ஊர்ச் சடங்கை அதற்கே செய்தார்கள். 'ஹர்கிலா படை' என்று பெயர். பல்லாயிரம் பெண்கள். 2022இல் ஐ.நா. அவருக்கு விருது தந்தது.

பறவையைப் பிடிக்காதவரிடம் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை என்பது நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. என் பக்கத்து வீட்டில் புளியமரத்தை வெட்ட நினைத்தார்கள், கொக்கு எச்சம் வண்டிமேல் விழுகிறது என்று. நான் ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தேன். மரம் நிற்கிறது.

சாய்நிழல்

நெய்தல் அம்மா, அருமை. நாகாலாந்திலும் அப்படித்தான். 2012இல் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலைபோட்டு ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். அடுத்த வருடமே ஊர் மன்றங்கள் முடிவெடுத்து நிறுத்திவிட்டன. பிடித்தவர்களே காவலுக்கு நின்றார்கள்.

தூறலுக்கு இன்னொரு விஷயம், சுருக்கமாக. கூட்டைப் பார்த்தால் படம் எடுத்து இடத்தோடு பொதுவில் போடாதீர்கள். ஆந்தை, வல்லூறு மாதிரி அரிய பறவை என்றால் கூட்டம் கூடிவிடும், திருடுபவரும் அதைத்தான் பார்க்கிறார். பறவையின் குரலைச் செல்பேசியில் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், தன் இடத்தைக் காக்கப் பதறிக்கொண்டு வருகிறது அது.

தூறல்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னக் குளம் தேர்ந்தெடுத்துவிட்டேன். நடந்து போனால் பன்னிரண்டு நிமிடம். எப்படி எண்ணுவது என்று மட்டும் சொல்லுங்கள் கரைநடை அண்ணா. கூட்டமாக இருந்தால் எண்ணுவதற்குள் பறந்துவிடுகிறதே?

கரைநடை

முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வையுங்கள். அதே அளவு துண்டுகள் கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். பெரிய கூட்டம் என்றால் ஐம்பதை, நூறை அப்படிப் பழக்கிக்கொள்ளுங்கள். முதலில் தப்பும், இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும். உட்கார்ந்திருப்பவற்றை இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை.

தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் பார்த்தீர்கள், இந்த நான்கும் கட்டாயம். இரண்டு மணி நேரம் பார்த்துக் கிடைத்த பத்தும், ஐந்து நிமிடத்தில் கிடைத்த பத்தும் ஒன்றல்ல. பெயர் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள், 'தெரியாத உள்ளான் 6' என்று எழுதுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. காக்கையையும் புறாவையும் விடாதீர்கள். இருந்த பறவை காணாமல் போனால் பூஜ்யம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், நீங்கள் பார்க்கவில்லையா, அது இல்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

நோட்டில் எழுதியதை இபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், 2002இலிருந்து இருக்கிறது, செல்பேசியிலேயே செய்யலாம். நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் வாங்கும்போது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பது போதும். பத்து மடங்கில் கை நடுக்கம் அதிகம் தெரியும். அவசரம் இல்லை, முதல் மூன்று மாதம் வெறும் கண்ணே போதும்.

தூறல்

ஏழு வாரம் ஆகிவிட்டது. தொடர்ந்து ஏழு ஞாயிறு. ஒரு நாள் மழை, குடையோடு போனேன்.

முதல் வாரம் ஆறு வகைதான் எழுதினேன். இப்போது பதினேழு தெரிகிறது. பறவை கூடவில்லை, எனக்குக் கண் திறந்திருக்கிறது. நெற்றியில் வெள்ளை இருந்தால் நாமக்கோழி, சிவப்பு இருந்தால் தாழைக்கோழி என்று இப்போது நின்று பார்க்காமலே தெரிகிறது. கரையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு பெரியவர் வாரா வாரம் 'இன்று எத்தனை?' என்று கேட்கிறார். போன வாரம் அவரே எனக்கு முன் வந்து மடையான்களை எண்ணி வைத்திருந்தார். இருபத்திரண்டு என்றார். நான் எண்ணியபோது இருபத்து மூன்று.

மீட்பு எண்களைத் தாளில் எழுதி எங்கள் அடுக்ககத்தின் நான்கு வாசலிலும் ஒட்டியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பையன் நேற்று கதவைத் தட்டினான். படிக்கட்டில் ஒரு மைனாக் குஞ்சு, இறகு முளைத்தது. இருவரும் மாடி வளைவில் மறைந்து நின்றோம். நாற்பது நிமிடம். தாய் வெட்டுக்கிளியோடு வந்தது. அவன் என் கையைப் பிடித்து அழுத்தினான், சத்தம் போடவில்லை.

அல்லிக்குளம், உங்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று காலை ஆறே முக்காலுக்கு நாணல் ஓரத்தில் ஒரு தழைக் குவியல்மேல் முக்குளிப்பான் உட்கார்ந்திருந்தது. கரையில் ஒரு நாய் குரைத்தது. பறவை எழுந்தது, அலகால் தழையை இழுத்தது, இன்னொரு தழை, இன்னொன்று. எட்டு முறை எண்ணினேன். அப்புறம் சத்தமில்லாமல் நீருக்குள் போய்விட்டது. அங்கே வெறும் குப்பை மட்டும்தான் மிதந்தது. நான் பின்னால் நகர்ந்து அடுத்த வளைவுக்குப் போய்விட்டேன். அடுத்த மாதம் அந்தக் குளத்தில் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது என்று ஒரு குழு அறிவித்திருக்கிறது. இன்று மாலை அவர்களைப் போய்ப் பார்க்கிறேன். எந்த ஓரம் என்று சொல்ல மாட்டேன், குளம் முழுவதையும் மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஏழு வாரத் தாளையும் எடுத்துப் போகிறேன்.

இன்றைய கணக்கு. காலை 6.30 முதல் 8.20 வரை, ஒரு கிலோமீட்டர், இருவர்.
நாமக்கோழி 31
தாழைக்கோழி 9
மடையான் 23
முக்குளிப்பான் 2
மீன்கொத்தி 1
காக்கை 14
தெரியாத உள்ளான் 4
நீர்க்காகம் 0

அல்லிக்குளம்

படித்தேன் தூறல். எட்டு முறை இழுத்தது என்று எண்ணினீர்களே, அதையும் நோட்டில் எழுதிவையுங்கள். அந்தக் குழுவைப் பார்க்கப் போகும்போது நானும் வரலாமா? அந்த ஐந்து முட்டையைப் பற்றி அவர்களிடம் நானே சொல்கிறேன்.